இன்னும் ஒரே ஒரு செட்டிங்

மாத்தளையில் எழுதுகிறவர்களுக்கு ஊர்ப்பெயரை முன்னால் மாட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று அந்த வரிசை நீளமானது. அவர்கள் எல்லோரும் முதலில் எழுதினார்கள், ஊர் பிறகு ஒட்டிக்கொண்டது. நம்முடைய ரெக்கோடிங் அண்ணன் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டார். முதலில் ஊர்ப்பெயர், பிறகு அந்தப் பெயரில் யூடியூப் சேனல், சேனலுக்கு ஒரு சின்னம், அந்தச் சின்னம் தீப்பிழம்புக்குள்ளிருந்து சுழன்று வெளியே வருவதற்கு ஒரு முன்னோட்டம். எல்லாம் தயார். பாட்டுதான் பாக்கி.

இவர் ஒரு ஆள் இல்லை, ஒரு சாதி. ரத்தோட்டைப் பக்கம் ஒருவர் இருப்பார், உக்குவளையில் ஒருவர், எல்கடுவை மேலே ஏறினால் அங்கேயும் ஒருவர். வயது இருபத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். பகலில் போன் கடையிலோ, வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெள்ளைக்காரருக்குக் கறுவாப்பட்டை உரித்துக் காட்டும் வேலையிலோ இருப்பார். கழுத்தில் ஹெட்போன் தொங்கும். பாட்டு என்ற சொல்லை வாயால் சொல்லமாட்டார், ‘ப்ரொஜெக்ட்’ என்பார். “ப்ரொஜெக்ட் எப்பண்ணே முடியும்?” என்று கேட்டுப் பாருங்கள். “முடிஞ்ச மாதிரிதான். இன்னும் ஒரே ஒரு செட்டிங்.”

வீட்டின் கடைசி அறைதான் ஸ்டூடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டை வெளிச்சத்தத்தைத் தடுக்காது. அறைக்குள் கீச்சென்று எழும்பும் எதிரொலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அதோடு சரி. சத்தத்தை நிறுத்துவதற்குப் பாரம் வேண்டும், அட்டைக்கு ஏது பாரம்? பழைய பஞ்சு மெத்தையும் உடுப்பு அடைத்த அலுமாரியும் அதைவிட நன்றாக எதிரொலியை விழுங்கும். இது அண்ணனுக்கும் தெரியும். ஆனால் மெத்தையைச் சுவரில் சாய்த்துப் படம் எடுத்துப் போட்டால் யாரும் ஸ்டூடியோ என்று சொல்லமாட்டார்கள். அவருடைய அம்மாவுக்கு இன்றுவரை விளங்காதது ஒன்றுதான்: இவ்வளவு அட்டை வந்த வீட்டுக்கு முட்டை ஏன் வரவில்லை?

கூரை தகரம். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கினால் மைக்குக்குப் பாடகி கேட்பதற்கு முன் கூரை கேட்கும். அந்த இரண்டு மாதமும் அண்ணன் ‘மிக்சிங் பார்க்கிற’ காலம். எடுக்காத பாட்டில் எதை மிக்ஸ் பண்ணுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

தை பிறந்தால்தான் தொழில் சூடுபிடிக்கும். மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலிலிருந்து ஐந்து தேரும் புறப்படும். அதற்குள் அம்மன் மேல் புதிதாக ஒரு பாட்டு வெளியிட்டாக வேண்டும் என்று ஊரில் ஒருவருக்காவது தோன்றிவிடும். பெரும்பாலும் அவர் ஓய்வுபெற்ற மாஸ்டர். கொப்பித் தாளில் பல்லவியும் மூன்று சரணமும், கையில் பழைய ஆர்மோனியப் பெட்டி, பின்னாலேயே பாடுவதற்குத் தோட்டத்துப் பாலர் பாடசாலை டீச்சரக்கா. மாஸ்டர் இளமையில் கொழும்புக்குப் போய் வானொலி நிலையத்தில் மெல்லிசைப் பாட்டு எடுத்ததைப் பார்த்தவர். நடுவில் மைக், சுற்றிவர வாத்தியக்காரர், சிவப்பு லைட் எரிந்ததும் எல்லோரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பார்கள். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925இல். எத்தனையோ வருசம் அங்கே வேலை அப்படித்தான் நடந்தது. மாஸ்டர் அந்த ஞாபகத்தோடு வந்து ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று உட்கார்ந்துவிடுகிறார்.

ஹெட்போனை மாட்டினால் உள்ளே ஒரு முனகல்.

இலங்கை மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஏர்த் ஒழுங்காக இல்லாத வீட்டில் அந்த 50உம் அதன் மடங்குகளான 100, 150உம் கேபிளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். லெப்டொப் சார்ஜர் ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர் இன்னொரு பிளக்கிலும் இருந்து, இரண்டின் ஏர்த்தும் வெவ்வேறு வழியாகப் போனால் நடுவிலுள்ள கேபிள் அந்த வட்டத்தைப் பூர்த்தி செய்து முனகும். ஏர்த்தே இல்லையென்றால் மைக்கின் உடம்பைத் தொடும்போது விரல் சுள்ளென்னும்; தொட்டவுடன் முனகலும் குறையும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓட விட்டுக் கேட்க வேண்டும். நின்றுவிட்டால் கள்ளன் அகப்பட்டான். பிறகு எல்லாவற்றையும் ஏர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்திப் பார்க்கலாம்.

இதையெல்லாம் அண்ணன் நித்திரையிலும் ஒப்புவிப்பார். ஆனால் ஒன்றை மாற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கும் பொறுமை மட்டும் அவரிடம் இல்லை. சார்ஜரைக் கழற்றுகிற கையோடு கேபிளை மாற்றுவார், யூஎஸ்பி வயரை வேறு ஓட்டையில் குத்துவார், ஃபேனை நிறுத்துவார், டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவார். முனகல் நின்றுவிடும்.

“எதுனால தம்பி நின்னுச்சு?”

“அத மட்டும் கேக்காதீங்க மாஸ்டர்.”

மறுநாள் முனகல் திரும்பி வரும்போது ஐந்து வேலையையும் அதே வரிசையில் செய்ய வேண்டும். வரிசையும் மறந்திருக்கும்.

ஒருமுறை மாஸ்டர் பொறுமையிழந்து ஆர்மோனியத்தைத் திறந்து முனகலோடு ஒத்துவரும் கட்டையைத் தேடினார். ஐந்து கட்டை. உண்மைதான், 50 ஹேர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைச் சுருதியின் அடித்தள ஸ்தாயிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், இம்மி ஏறினாற்போல். “கரண்டே சுருதி போட்டுத் தருது தம்பி, இதுலயே பாடிருவோமே” என்றார். யோசனையில் பிழையில்லை. டீச்சரக்காவின் சுருதி ஐந்தரை என்பதுதான் இடைஞ்சல். நாட்டின் மின்விநியோகத்தோடு அரைக் கட்டை வித்தியாசத்தில் நின்று அம்மனைப் பாட யாராலும் முடியாது.

அண்ணனுடைய பொற்காலம் 2022 என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். எரிபொருள் இல்லாமல் நாடு இருட்டில் கிடந்த வருசம், மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆனால் கரண்ட் இல்லாத வீட்டில் முனகலும் இல்லை, பக்கத்து வீட்டு கிரைண்டரும் இல்லை, தெருவில் வாகனமும் இல்லை. லெப்டொப் பட்டரியில் ஓடியது. தன் வாழ்நாளில் கேட்ட மிகச் சுத்தமான மௌனத்தை அவர் அப்போதுதான் பதிவு செய்தார். பழைய பட்டரி என்பதால் மௌனத்துக்குப் பிறகு பாட்டு எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அந்த மௌனத்தை இன்னும் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவார். “கேளுங்க... ஒண்ணுமே கேக்கலைல?”

2025 பெப்ரவரி 9 வேறு கதை. பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து இலங்கை முழுவதும் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை. மாசி மகத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான். அண்ணனின் வரலாற்றில் முற்றிலும் நியாயமான, பத்திரிகையிலேயே வந்த தாமதக் காரணம் அது ஒன்றுதான். அதை அவர் இலேசில் விடுவதாயில்லை. கரண்ட் அன்றே வந்துவிட்டது. குரங்கு மட்டும் அண்ணனுடைய பேச்சில் சித்திரை வரை குந்தியிருந்தது.

முனகலைத் தாண்டினால் அடுத்த கண்டம், தாமதம். அக்கா பாடுகிறார், அவருடைய குரல் கணினிக்குள் போய்த் திரும்பிக் காதுக்கு வருவதற்குள் தாளம் அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. கணினி ஒலியை உடனுக்குடன் கையாள்வதில்லை. ஒரு பங்கு சேரும்வரை காத்திருந்து எடுக்கும். அந்தப் பங்கின் அளவுதான் பஃபர். நொடிக்கு 44,100 துண்டு என்ற கணக்கில் பஃபரை 1,024இல் வைத்தால் உள்ளே போக 23 மில்லிசெக்கன், வெளியே வர இன்னொரு 23. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீற்றர் போகும் என்று கணக்குப் போட்டால், அக்கா பாடுவது அவருக்கே பதினாறு மீற்றருக்கு அப்பாலிருந்து, லயத்தின் அந்தக் கோடி வீட்டில் யாரோ பாடுவதுபோல் கேட்கும். பஃபரை 128க்குக் குறைத்து, ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த அஸியோ முறையில் ஓடும் டிரைவரைப் போட்டால் தாமதம் உணர முடியாத அளவுக்கு இறங்கிவிடும். பாட்டு எடுக்கும்போது சின்ன பஃபர், மிக்ஸ் பண்ணும்போது பெரிய பஃபர். இதற்கு மேல் இதில் ஒரு ரகசியமும் இல்லை.

அண்ணன் 32இல் வைப்பார். கெத்து. பழைய லெப்டொப்புக்கு மூச்சு முட்டி, பட்பட்டென்று வெடிக்கும். அந்த வெடிப்புக்குக் காரணம் மைக் கேபிள் என்று அடித்துச் சொல்லி, கேபிளை வெட்டிப் பற்றுவைக்க உட்காருவார். ஈயப் புகை அறையை நிறைக்கும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பாட்டு எடுக்கும்போது அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை.

பற்றுவைத்து முடித்து ஒருவழியாக முதற்சரணம் பதிவானது. போட்டுக் கேட்டால் அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடியது ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் போய் நிற்கிறது, வயதும் பன்னிரண்டாகிவிட்டது. 44,100இல் எடுத்ததை 48,000இல் ஓட விட்டிருக்கிறார். முதலாவது சீடிக்காரர் கணக்கு, இரண்டாவது வீடியோக்காரர் கணக்கு. இரண்டையும் கலந்தால் குரல் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே ஏறும். அக்கா தன் குரலைக் கேட்டு வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாஸ்டருக்கு ஒரு விதத்தில் பிடித்துப்போயிற்று. “சின்னப் புள்ளைங்க கோரஸ் மாதிரி இருக்கே, இத ஓரமா வச்சுக்கங்க.”

ஓரமாக வைத்தது காணாமல் போனது. அப்போதுதான் அண்ணன் தன் புகழ்பெற்ற சொற்பொழிவை நிகழ்த்தினார்.

“மாத்தளையில நடந்த பெரிய ரெக்கோடிங் எதுன்னு தெரியுமா மாஸ்டர்? அலுவிகாரை. வாயாலயே சொல்லிச் சொல்லி வந்த திரிபிடகத்த கிறிஸ்துவுக்கு முந்தின நூற்றாண்டுல ஓலையில எழுதி எடுத்தாங்க. ஐந்நூறு பிக்குமாராம். 1848 கலகத்துல வெள்ளக்காரன் வந்து அங்க இருந்த ஏட்டையெல்லாம் அழிச்சுட்டான். ஆனா அதுக்குள்ள பிரதி எடுத்து எடுத்து எங்கெல்லாமோ போயிருச்சு. அதான் மாஸ்டர் பேக்கப்.”

“நீங்க எடுத்தீங்களா தம்பி?”

“ஹார்ட் டிஸ்க் வாங்கணும்.”

ஒரு விசயத்தில் அண்ணனைக் குறை சொல்ல முடியாது: காசு கேட்கமாட்டார். தோட்டத்தில் காமன் கூத்துக் காலம் வந்தால் தப்பு அடிக்கிற பெரியவர்களைக் கூட்டிவந்து பதிவு செய்து வைக்க வேண்டும் என்று துடிப்பவரும் இவர்தான். அப்படி ஒருநாள் நடந்தது. பெரியவர் வாசலில் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, பதம் வந்ததும் முட்டை அட்டை அறைக்குள் வந்து ஒரு அடி அடித்தார். திரையில் பச்சைக் கோடு எல்லாம் சிவப்பாகிச் செத்துப்போயின. அண்ணன் கெயினைக் குறைத்தார். இன்னும் சிவப்பு. லிமிட்டர் போட்டார், 48 வோல்ட் பட்டனை அமர்த்தி மறுபடி போட்டார், இன்டர்நெட்டில் ஒரு அமெரிக்கக்காரர் டிரம்ஸ் எடுப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அதற்குள் தோல் குளிர்ந்து தொய்ந்துவிட்டது. பெரியவர் மறுபடி காய்ச்சப் போனார். இப்படி மூட்டுவதும் அணைவதுமாகப் பொழுது சாய்ந்த பிறகு பெரியவர் சொன்னார்: “நான் முத்தத்துல நிக்கிறேன். நீங்க அந்தக் குச்சிய இங்கிட்டு வாசப்படியில வைங்க தம்பி.” வைத்தார். பதிவாகியது. அருமையாகப் பதிவாகியது, நான் கேட்டிருக்கிறேன், நெஞ்சாங்கூட்டில் வந்து இடிக்கும். அண்ணனுக்கு மட்டும் அதில் திருப்தியில்லை. மைக்கைத் தள்ளி வைத்துச் சரிவந்த பாட்டைத் தன் பாட்டு என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு மாதிரியாக இருந்ததாம்.

அம்மன் பாட்டும் முடிந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், முடிந்தது. தேருக்கு முதல்நாள் இரவு. கடைசிப் பரீட்சைக்கு அண்ணன் நம்புவது ஹெட்போனையும் இல்லை, ஸ்பீக்கரையும் இல்லை. மாத்தளையில் ஜனங்கள் பாட்டுக் கேட்பது ஆட்டோவில், ஆகவே தீர்ப்பும் ஆட்டோவில்தான். பென்டிரைவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் தெரிந்த தம்பியின் ஆட்டோவில் குத்தினார். பின்சீட்டுக்கடியில் ஒரு பெட்டி, நீல லைட், இருக்கை அதிரும் பேஸ். மாஸ்டரும் அக்காவும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். பல்லவி வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். மாஸ்டர் தொடையில் தாளம் போட்டார்.

“எப்படிடா?” என்றார் அண்ணன்.

“பாட்டு நல்லாருக்குண்ணே. பேஸ்தான் கொஞ்சம் காணாது.”

அண்ணன் பதில் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து வலது பக்க ஸ்பீக்கரோடு காதை ஒட்ட வைத்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் வெளியே வந்தது.

“இது ஏர்த் லூசுடா தம்பி. கேளு, உர்ருன்னு ஒரு சத்தம் வருதா?”

“எனக்குக் கேக்கலண்ணே.”

“எனக்குக் கேக்குது.”

“அண்ணே, ரத்தோட்டைக்கு ஹயர் ஒண்ணு நிக்குது...”

“அஞ்சு நிமிசம்” என்றபடி அண்ணன் முதல் ஆணியைக் கழற்றி மாஸ்டரின் உள்ளங்கையில் வைத்தார். “இதக் கொஞ்சம் பத்திரமா புடிங்க மாஸ்டர். இன்னும் மூணு வரும்.”