முள்ளுக்கு எத்தனை கிராம்?

அமெரிக்காவிலிருந்து அண்ணன் மகன் பழைய டர்ன்டேபிள் ஒன்று கொண்டுவந்தான். 110 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் மாட்டியாயிற்று. ஆனால் பாடகியின் குரல் ஆண் குரல் போலக் கேட்கிறது. முள் கெட்டுவிட்டதா? – வாசகர், திருச்சி

முள் பாவம், விட்டுவிடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும்; மின்சாரத்தின் துடிப்பைத் தொடாது. அங்கே நொடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. பழைய பெல்ட் டிரைவ் மெஷின்கள் பலவற்றில் மோட்டார் அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு, உங்கள் வீட்டில் 28-ஐக்கூட எட்டாது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். துரித காலம் சவுக்கமாகிவிடும்.

மோட்டாரின் தலையில் இருக்கும் சின்னக் கப்பியை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றச் சொல்லுங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 போன்ற குவார்ட்ஸ் கட்டுப்பாட்டு மெஷின்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. வோல்ட் சரியாக இருந்தால் போதும். வேகத்தைச் சரிபார்க்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் தட்டைச் சுழலவிட்டு, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. டியூப்லைட்டைக் கழற்றி எல்இடி மாட்டிவிட்டீர்களா? அப்படியானால் சுருதிப்பெட்டியை எடுங்கள். பாடகியின் கட்டை தெரிந்தவருக்கு அதைவிட நல்ல கருவி இல்லை.

பாட்டு தாவிக்கொண்டே இருந்தது. முள்ளின் தலையில் ஒரு ரூபாய்க் காசு வைத்தேன், நின்றுவிட்டது. சரிதானே? – வாசகர், காரைக்குடி

தாவல் நின்றது, உழவு தொடங்கியது. அந்தக் காசு மூன்று கிராமுக்குக் குறையாது. இன்றைய கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் கேட்பதே இரண்டு கிராம் அளவுதான். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8, ஆடியோ-டெக்னிகா விஎம்95இ-க்கு 2.

காசை உண்டியலில் போடுங்கள். ஆன்ட்டி-ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, முள்ளின் உறையைக் கழற்றிவிட்டு, பின்பக்க எடையைத் திருகித் திருகி, டோன் ஆர்ம் ஏறாமலும் இறங்காமலும் மிதக்கும் இடத்தைப் பிடியுங்கள். அங்கே எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்பவேண்டும். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருப்பி, வேண்டிய கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஆன்ட்டி-ஸ்கேட்டும் அதே எண்ணுக்கு. எனக்கு அந்த வளையத்தின் மேல் முழு நம்பிக்கை இல்லை; முள்ளுக்கென்றே விற்கும் குட்டி டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

'எடையைக் குறைத்தால் தட்டு தேயாது' என்று எதிர்வீட்டு நிபுணர் சொல்லியிருப்பார். எடை போதாத முள் பள்ளத்தின் சுவரில் துள்ளித் துள்ளி மோதும். தட்டுக்கு அது இன்னும் கெடுதல்.

வர்ணம் தெளிவாக இருக்கிறது. மங்களம் வரும்போது கரகரக்கிறது. வித்வான் களைத்துவிட்டாரா? – வாசகி, மயிலாப்பூர்

அவர் களைக்கவில்லை, இடம்தான் நெருக்கடி. விளிம்பில் பள்ளம் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது 20 சொச்சம். அதே சங்கதியைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் அடைத்திருக்கிறார்கள். அங்கே கார்ட்ரிட்ஜ் இம்மி கோணினாலும் 'ச' எல்லாம் 'ஷ' ஆகிவிடும்.

புரோட்ராக்டர் அட்டை ஒன்று வாங்குங்கள். பேர்வால்ட் கணக்கில் போட்ட அட்டையானால், மையத்திலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். கார்ட்ரிட்ஜ் திருகுகளைத் தளர்த்தி, முள் இரண்டு புள்ளியிலும் உட்கார்ந்து, கார்ட்ரிட்ஜின் உடம்பும் கோடுகளோடு நேராக நிற்கும்வரை நகர்த்துங்கள். ஒன்றில் சரியானால் மற்றதில் விலகும். அவசரப்பட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். முடிந்ததும் எடையை மறுபடி பார்க்கவேண்டும், கார்ட்ரிட்ஜ் நகர்ந்தால் அதுவும் மாறியிருக்கும். இத்தனைக்குப் பிறகும் கரகரத்தால், முந்தைய சொந்தக்காரர் காரைக்குடி வாசகரின் உறவினர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடாமல் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். தம்புரா இல்லாத தட்டிலும் கேட்கிறது. – வாசகர், சேலம்

மெஷினின் பின்னால் ஒல்லியாக ஒரு வயர் அனாதையாகத் தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் திருகில் மாட்டுங்கள்.

தாத்தாவின் 78 தட்டுகளை என் எல்பி பிளேயரில் 78-இல் வைத்துப் போட்டால் வெறும் கொரகொரப்பு. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

கூடவே கூடாது! அந்தத் தட்டுகளில் இருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். தாத்தாவின் பாட்டு பஞ்சோடு வந்துவிடும். கொரகொரப்புக்குக் காரணம் முள்தான். எல்பி முள்ளின் நுனி ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-இன் பள்ளம் கேட்பது அதைப்போல நான்கு மடங்கு. உங்கள் முள் சுவரைத் தொடாமல் அடியில் உட்கார்ந்து, அழுக்கைப் பாடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு 78 முள் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள்.

இடம் இல்லாததால் டர்ன்டேபிளை ஸ்பீக்கர் மேலேயே வைத்திருக்கிறேன். – வாசகர், கோவை

முள்ளுக்குத் தட்டும் ஒன்றுதான், ஸ்பீக்கரின் அதிர்வும் ஒன்றுதான், இரண்டையும் வாசிக்கும். சுவரில் தனிப் பலகை அடியுங்கள், கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பாருங்கள்.

ஒரு வயலின் தட்டில் ஸ்வரம் மெல்ல ஏறி இறங்குகிறது. கமகமா, கோளாறா? – வாசகி, தஞ்சாவூர்

கடிகாரத்தை எடுங்கள். எல்பி ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி. அசைவு அந்தக் கணக்கில் தவறாமல் வந்தால், தட்டின் நடு ஓட்டை மையத்தில் இல்லை. கடிகாரம் இல்லையென்றால் தம்புராவைக் கேளுங்கள். தம்புரா கமகம் போடாது.