ஜெய்சல்மேர்: கோட்டைக்குள் ஒரு நாள்

கே: ஜெய்சல்மேர் கோட்டையை ஒரே நாளில் நடந்தே பார்த்துவிட முடியுமா?

ப: தாராளமாக. விடிந்ததும் அகாய் போலில் நுழைந்துவிடுங்கள். 'போல்' என்றால் வாசல். அடுத்து சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல். பாதை வளைந்து வளைந்துதான் மேலே ஏறும். காலங்காலமாக மிதிபட்ட கல் வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு முக்கியம்.

கே: பாழடைந்த கோட்டைகள் எத்தனையோ பார்த்தாயிற்று. இதில் என்ன விசேஷம்?

ப: இது பாழடையவில்லை, அதுதான் விசேஷம். 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டத் தொடங்கிய கோட்டைக்குள் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டு வாசல் சுவர்களை உற்றுப் பாருங்கள். வண்ணத்தில் பிள்ளையார் படம், பக்கத்தில் மணமக்கள் பெயர், தேதி. அந்த வீட்டில் கல்யாணம் நடந்தது என்று பொருள். ஊருக்கே பொதுவான அழைப்பிதழ்! கல்யாணம் முடிந்து வருஷக்கணக்கில் ஆனாலும் படம் அழியாமல் நிற்கும். எனக்கு அரண்மனையைவிட இந்தச் சுவர்கள்தான் பிடிக்கும்.

கே: கூட்டம் நெரியுமாமே?

ப: டிசம்பர் கடைசியில் நிச்சயம். கோட்டைக்குள் இருக்கும் தசரா சௌக் சதுக்கத்தில் மாட்டிக்கொண்டால் ஏதாவதொரு சந்தில் திரும்பி மதிலை நோக்கி நடங்கள். நாலு வீடு தாண்டினாலே மாடும் நீங்களும்தான்.

கே: கூட்டத்தில் வங்காளிக் குடும்பங்கள் நிறைய இருக்கின்றனவே?

ப: எல்லாம் சத்யஜித் ரே செய்த வேலை. 1974-ல் வந்த அவருடைய 'சோனார் கெல்லா' படத்தின் 'தங்கக் கோட்டை' இதுதான். மஞ்சள் மணற்கல் மாலை வெயிலில் மின்னுவதைப் பார்த்தால் பெயர்க் காரணம் கேட்க மாட்டீர்கள்.

கே: கோட்டைக்குள்ளேயே அறை எடுத்துத் தங்கலாமா?

ப: வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். குன்றில் மணற்கல்லோடு களிமண்ணும் கலந்திருக்கிறது. ஒரு காலத்தில் கீழே இருக்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்கள் குடத்தில் தண்ணீர் சுமந்து ஏறினார்கள், சொட்டுக்கூட வீணாகாது. குழாய் வந்தது, பின்னாலேயே விடுதிகளும் ஷவரும் வந்தன. கொட்டும் நீர் முழுவதையும் வடிக்கச் சாக்கடை போதவில்லை. கசிந்து இறங்கி அடிமண்ணை இளக்கியது. கொத்தளங்கள் சில சரிந்தே விட்டன. 1996-லேயே வேர்ல்ட் மான்யுமென்ட்ஸ் ஃபண்ட் இதை ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 2013-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. கசிவு அதனால் நின்றுவிடாது. உள்ளே டீ குடியுங்கள், துணி வாங்குங்கள், அந்த மக்களுக்கும் பிழைப்பு வேண்டும். குளியலும் தூக்கமும் மட்டும் கீழே ஊருக்குள் இருக்கட்டும்.

கே: கோட்டைக்குள் இருக்கும் சமணக் கோயில்களுக்குப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ப: தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது. முற்பகலிலேயே போய்விடுங்கள். கோயிலை ஒட்டிய ஞான பண்டாரில் பழைய ஓலைச்சுவடிகளைக் காத்து வருகிறார்கள். சுவடிகளைக் கரையானுக்குப் பறிகொடுத்த நாம் ஒரு நிமிஷம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

கே: பசித்தால்?

ப: கேர் சாங்ரி. பாலைவனத்துக் காயையும் வன்னி மரத்து நெற்றையும் வற்றலாக்கி, எண்ணெயில் காரசாரமாக வதக்கியது. கம்பு ரொட்டியோடு கேளுங்கள்.