1912இல் எழுதிய கான்ஃபிக் ஃபைல்

கம்ப்யூட்டர் பிள்ளைகள் இப்போது நிக்ஸ்ஓஎஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பெயரைக் கேட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். எந்த கன்டெய்னர் ஓட வேண்டும், எந்தக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று ஒரே ஃபைலில் எழுதிவிட்டால் போதுமாம். மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளுமாம். புதுமையாம்! லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த காலத்திலேயே வெள்ளைக்காரன் இதைக் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டான்.

தோட்டம்தான் அசல் கன்டெய்னர். லயம், கோயில், ஆயாக்கொட்டாய், கள்ளுக்கடை எல்லாம் உள்ளேயே. ஈஜோக் தோட்டத்தில் நடப்பது புக்கிட் ரோத்தான் தோட்டத்துக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் ஏற்பாடு.

இதற்கெல்லாம் ஃபைல், கூட்டு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும் என்றது. பாடம் நடத்துவது யார்? அது தோட்டத்தின் பாடு. பல தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஆஸ்பத்திரி டிரஸ்ஸரோ வாத்தியார் ஆனார்கள். பெரட்டில் ஆள் எண்ணிய வாயே அ, ஆ சொல்லிக்கொடுத்தது. பள்ளிக்கூடம்: ஓடுகிறது. பச்சை விளக்கு!

நிக்ஸ்காரர்கள் கன்டெய்னர் ஓட்டும் டாக்கர் கதையும் இதுதான். இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதிவைத்தால், சர்வீஸ் எழுந்து நிற்கிறதா என்றுதான் சிஸ்டம் பார்க்கும். உள்ளே இருப்பது வாத்தியாரா கங்காணியா என்று கேட்காது. ஹாஷ் போட்டுப் பூட்டினால் நேற்று வந்ததே இன்றும் வரும். நேற்று வந்தது கங்காணி என்றால், ஆயுசுக்கும் கங்காணிதான்.

அதற்காக ஃபைல் இல்லாத காலம் பொற்காலம் என்று கிளம்பிவிடாதீர்கள். துரையின் வாய்தான் அப்போது டெர்மினல். காலையில் ஒரு கட்டளை, மாலையில் இன்னொன்று, எதுவும் எழுத்தில் கிடையாது. சட்டம் வந்த பிறகு, தொழிலாளர் இலாகா அதிகாரி வந்தால் விரல் வைத்துக் கேட்க ஒரு வரியாவது இருந்தது.

ஆனால் எழுதாததை என்ன செய்வது? 1941இல் ஆர். எச். நாதனின் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் திருத்தப் பட்டியலை நீட்டியது: சீனர்களுக்கு ஈடான கூலி, சொந்தபந்தம் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி, கள்ளுக்கடைக்குப் பூட்டு, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. சைக்கிளை விட்டு இறங்குவது வழக்கம், சட்டமல்ல. இந்த மாதிரிச் சரக்கெல்லாம் கன்டெய்னருக்கு வெளியே தரவு தங்கும் வால்யூமில் உட்கார்ந்திருக்கும். நூறு தடவை ரீபில்ட் செய்தாலும் அப்படியே திரும்பி வரும். அதைத் துடைக்கச் சொன்னவரை மே மாதம் பிடித்து அடைத்தார்கள். சிலாங்கூரில் அவசரநிலை, தோட்டங்களில் பட்டாளம். தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கியால் ரோல்பேக் செய்த சிஸ்டம் அது.

2007இல் அதே கோலசிலாங்கூர்ப் பக்கத்து பத்தாங் பெர்ஜுந்தை ஊரை பெஸ்தாரி ஜெயா என்று ஃபைலில் மாற்றினார்கள். பெயர்ப்பலகைகள் உடனே கீழ்ப்படிந்தன. பழைய தோட்டத்து ஆட்களின் வாய்தான் இன்னும் ரீபில்ட் ஆகவில்லை.