சும்மா இருக்கும் கம்பி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, சகதர்மிணியுடன் அமெரிக்காவுக்கு வந்து, மகன் வீட்டில் இரு வேளையும் காப்பி குடித்துக்கொண்டு சுகஜீவனம் செய்கிற தகப்பன்மார்களுக்கு நேருகிற சங்கடங்களில் தலையாயது, ஒரு காலத்தில் தாங்கள் பார்த்த உத்தியோகம் இன்னதென்று ஊரார் நினைவு வைத்திருப்பதுதான். நான் தபால் தந்தி இலாகாவில் சேர்ந்து, அது 1985இல் இரண்டாகப் பிரிந்தபோது தொலைபேசிப் பக்கம் ஒதுங்கி, 2000இல் அதற்குப் புதுப் பெயர் வைத்த பிறகும் இடம் பெயராமல், கும்பகோணத்தில் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்தவன். டிரங்க் கால் பில்லில் கூட்டல் பிழை கண்டுபிடிப்பதில் எனக்கு நிகர் கிடையாது என்பது வாஸ்தவம். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கம்பியைக்கூடக் கையால் தொட்டதில்லை என்பதும் அதே அளவு வாஸ்தவம். முதல் சங்கதியைச் சம்பந்தி வீட்டாரிடம் விஸ்தாரமாகச் சொல்லி, இரண்டாவதைச் சொல்லாமல் விட்டதன் பலனை 2013ஆம் வருஷம் ஃப்ரீமான்டில் அநுபவித்தேன்.

இந்த ஃப்ரீமான்ட் ஒரே ஊராகப் பிறந்ததல்ல. நம் தேசத்தில் மொழிவாரியாக மாகாணங்களைப் பிரித்துக்கொண்டிருந்த அதே 1956இல், சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஐந்து சிற்றூர்கள் இங்கே ஒன்று சேர்ந்து நகரமாயின. 1915இல் சார்லி சாப்ளின் வந்து தங்கிப் படம் எடுத்தது இந்த நைல்ஸில்தான். அவர் ஊமைப் படம் எடுத்த ஊரில் இப்போது திரும்பிய பக்கமெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள். எங்கள் தெருவிலேயே இன்டர்நெட் சாதனங்களுக்குச் சிப்பு வரைகிறவர் ஒருவர், அந்தச் சிப்பில் குற்றம் கண்டுபிடிக்கிறவர் ஒருவர், இருவருக்கும் மேலதிகாரி ஒருவர் என மூவர் குடியிருந்தார்கள். அப்படிப்பட்ட தெருவில், எங்கள் வீட்டு இன்டர்நெட் மட்டும் திருவாரூர்த் தேர் மாதிரி நாலு தப்படி நகர்ந்து, நின்று, ஜனங்களை வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு நகர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மனைவி மாயவரத்திலிருக்கும் தன் அண்ணனுடன் வீடியோவில் பேசுவது வழக்கம். ஒரு நாள், "அண்ணன் வாயைத் திறந்தபடியே நின்னுட்டாருங்க!" என்று அவள் அலறியபோது, என் மைத்துனர் வாயை மூடி நான் பார்த்ததே இல்லையாதலால், அதில் விபரீதம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மகன் அளந்து பார்த்தான். தொலைபேசிக் கம்பெனிக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது 18 மெகாபிட் வேகத்துக்கு. வந்து சேர்வது ஐந்து.

"மாமா டெலிபோன் டிபார்ட்மெண்ட்லதானே இருந்தாங்க, அவங்களே பார்த்துடுவாங்க" என்றாள் மருமகள். அவள் குரலில் பரிகாசம் இல்லை. பரிகாசம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

ஃப்ரீமான்டில் எலிசபெத் ஏரி என்று ஓர் ஏரி உண்டு. அதைச் சுற்றியுள்ள பாதையில் காலை வேளையில் உல்லன் குல்லாவும் கான்வாஸ் செருப்புமாக வலம் வருகிற நம்மவர் கூட்டத்தைப் பார்த்தால், கும்பகோணத்து மகாமகக் குளக்கரை கடல் கடந்து வந்துவிட்டதோ என்று மயக்கம் ஏற்படும். அந்த மகாசபையில் என் வியாஜ்யத்தைப் பிரஸ்தாபித்தேன். மின்சார வாரியத்தில் இருந்தவர், வோல்டேஜ் குறைவு என்று தீர்ப்பளித்தார். பாங்கியில் இருந்தவர், கம்பெனியை மாற்றச் சொன்னார். தலைமையாசிரியராக இருந்தவர், பேரக் குழந்தைகள் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் பாடப் புஸ்தகத்தைப் பார்த்தால் எந்த வேகமும் போதும் என்றார். ஒருவர் மட்டும் வாய் திறவாமல் எங்களோடு நடந்துவந்தார். விருதுநகர்ப் பக்கத்தில் லைன்மேனாக இருந்து கம்பம் ஏறியே முழங்கால் தேய்ந்தவர் அவர். மற்றவர்கள் பிரிந்து போன பிற்பாடு என் அருகில் வந்து, "ஐயா, வெளிச் சுவத்துல சாம்பக் கலர்ல ஒரு பொட்டி இருக்கும். அதைத் தொறந்து, வீட்டுக் கம்பியைப் பிடுங்கிவிட்டுட்டு, மோடத்தை நேரா அதுலயே மாட்டிப் பாருங்க" என்றார். நான் விழித்ததைக் கண்டு, "கணக்காபீஸ் ஐயாமாருக்குப் பொட்டி தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்ல மாட்டேன். நானே வாரேன்" என்று அபயமும் அளித்தார்.

அந்தப் பெட்டி சாமானியமான பெட்டியல்ல; இரண்டு ராஜ்யங்களின் எல்லைக்கல். ஒரு காலத்தில் இந்தத் தேசத்தில் சுவருக்குள் ஓடுகிற கம்பியும், மேஜைமேல் இருக்கிற டெலிபோனும்கூடப் பெல் கம்பெனியின் சொத்தாகவே இருந்தன. 1984இல் அந்த ஏகபோகம் உடைக்கப்பட்டதையொட்டி வந்த விதிகளின்படி, பெட்டிக்கு அப்பால் நேருகிற பாப புண்ணியம் கம்பெனியைச் சேரும், இப்பால் நேருவது வீட்டுக்காரன் தலையில் விடியும். விருதுநகர்க்காரர் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த சிறு செருகியைப் பிடுங்கி, அந்த வாயில் எங்கள் மோடத்தைப் பொருத்தினார். வேகம் பதினேழு! இரண்டு மாதமாக நாங்கள் காலையும் மாலையும் சபித்துவந்த கம்பெனி, பரிபூரண நிரபராதியாக, பெட்டி வாசல்வரை பதினேழைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தது. பாக்கிப் பன்னிரண்டையும் விழுங்கியது நாங்கள் குடியிருந்த வீடு.

அறுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய வீடு அது. அந்தக் காலத்துக் குடும்பத்தார், ஐந்து ஊர் சேர்ந்த நகரத்துக்கு ஐந்து டெலிபோன்தான் அழகு என்று நினைத்தார்கள் போலும்; சமையலறை, கூடம், இரண்டு படுக்கையறைகள், கார் கொட்டகை என ஐந்து இடங்களில் சுவரில் இணைப்புகள் வைத்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள் என்று நான்கு வர்ணக் கம்பிகளை ஒரே உறையில் போட்டு, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கும், நடுவில் தோன்றிய இடத்தில் ஒரு கிளைக்கும், கல்யாண வீட்டில் பூச்சரம் கட்டுகிற மாதிரி தொடுத்துக்கொண்டே போயிருந்தார்கள். நாங்கள் உபயோகித்த டெலிபோன் ஒன்றே ஒன்று. அது சமையலறையில் இருந்தது. மோடம் இருந்ததோ சரத்தின் கடைக்கோடியில்.

குரலுக்கு இந்தத் தோரணம் போதும். மனிதக் குரலைத் தொலைபேசி வினாடிக்கு 300 முதல் 3400 அதிர்வுகளுக்குள் அடக்கிவிடுகிறது. அதே செப்புக் கம்பியில் அதற்கு மேல்மாடி கட்டிக் குடியேறியது பிராட்பாண்ட். ஆரம்ப கால முறையில் அது 11 லட்சம் அதிர்வுகள்வரை போயிற்று, எங்கள் வீட்டுக்கு வந்த புதிய முறையிலோ 80 லட்சத்தையும் தாண்டுவதுண்டு. அவ்வளவு துரிதமான அலைக்கு, முறுக்காமல் கிடக்கும் கம்பி ரேடியோ ஏரியலாகிவிடுகிறது. ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இந்த உபத்திரவம் தணியும் என்று கிரஹாம் பெல் 1881இலேயே காப்புரிமை வாங்கி வைத்திருந்தும், எங்கள் சுவருக்குள் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இங்கிலாந்தின் பழைய வீடுகளில் மணி அடிப்பதற்கென்றே மூன்றாவதாக ஒரு கம்பி ஓடுமாம். புதிய டெலிபோன்களுக்கு அது தேவையே இல்லை. இரைச்சலை வாங்கித் தந்துகொண்டிருந்த அதைக் கழற்றி எறிந்த பல வீடுகளில் வேகம் தானாக ஏறியிருக்கிறது.

ஆனால் விருதுநகர்க்காரர் பிரதான குற்றவாளியாகச் சுட்டிக்காட்டியது இரைச்சலையல்ல. எதிலும் மாட்டாமல், முனை திறந்து, சுவருக்குள் சும்மா கிடந்த கிளைகளை.

"சும்மாதானே கிடக்குது? அது என்ன பண்ணும்?" என்றேன்.

"சும்மா கிடக்கிறதுதான் ஐயா கெடுக்கும். கிணத்துக்குள்ள கத்துனா என்ன ஆவுது? திரும்பி வருதுல்ல?"

அவர் சொன்னதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. கம்பியில் அலை வினாடிக்குச் சுமார் 20 கோடி மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 50 லட்சம் அதிர்வுள்ள அலைக்கு நீளம் 40 மீட்டர். பத்து மீட்டர்க் கிளைக்குள் அது புகுந்து, முட்டுச்சந்தில் முட்டி, திரும்பி வரும்போது இருபது மீட்டர் நடந்திருக்கிறது; அதாவது, சரியாக அரை அலை. மேடாகப் போனது பள்ளமாகத் திரும்பி, பின்னால் மேடாக வந்துகொண்டிருக்கும் அலையோடு மோதி, இரண்டும் பூஜ்யமாகிவிடுகின்றன. வரவுக்கு எதிரில் அதே தொகையைச் செலவாக எழுதினால் பேரேட்டில் என்ன மிஞ்சும்? முப்பத்திரண்டு வருஷக் கணக்கு உத்தியோகம் அந்த ஒரு க்ஷணத்தில் எனக்குப் பிரயோஜனப்பட்டது.

"முனையில வாங்கிக்கிறதுக்குப் பொருத்தமா ஒரு சாமான் இருந்துச்சுன்னா அலை திரும்பாது ஐயா. ஒண்ணும் இல்லாத முனைதான் வந்ததையெல்லாம் எதிர்த்து அனுப்பும்" என்று சித்தாந்தத்தை முடித்தார்.

சனிக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. வீட்டின் மரத் தரைக்கடியில் தவழ்ந்து போகும் அளவுக்கே இடைவெளி. முழங்கால் தேய்ந்தவரால் முடியாதென்று என் மகன் போனான். கூகுள் பார்த்துப் பேரன் வழி சொன்னான். டார்ச்லைட்டைப் பிடிக்கும் மகத்தான பொறுப்பு எனக்கு. பெட்டியருகில் ஒரு ஸ்பிளிட்டர் வைத்துக் குரலையும் பிராட்பாண்டையும் அங்கேயே பாகப்பிரிவினை செய்து, குரலைச் சமையலறைக்கு மட்டும் அனுப்பி, மற்றக் கிளைகளைத் துண்டித்து, முறுக்குக் கம்பி ஒன்றை நேராக மோடத்துக்கு இழுத்தார்கள். வேகம் பதினாறரை. மறுநாள் என் மைத்துனர் எங்கும் உறையாமல், ஒரு சொல்லும் சிதறாமல், ஒன்றேகால் மணி நேரம் பேசினார். எல்லா அபிவிருத்திக்கும் இப்படி ஒரு விலை உண்டு.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில், புதுக் கார் வாங்கலாமா என்று மகன் மருமகளிடம் கேட்டான். "எங்க காலத்துல சைக்கிள்தான்" என்றேன். பேரனுக்குப் பியானோ வகுப்பு என்றாள் மருமகள். "எதுக்கு? வாய்ப்பாட்டு போதாதா?" என்றேன். திரையை மூடினால் தேவலை என்றான் மகன். "வெளிச்சம் வேணாமா?" என்றேன். மேஜையில் நிசப்தம் நிலவியது. பேரன் என்னையே சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "தாத்தா, உங்க முனையில ஒண்ணும் மாட்டலையா?" என்றான்.

மகன் அவனை அதட்டினான். மருமகள் அதட்டவில்லை. எழுந்து போய், வெந்தயக் கீரைக் கட்டுகள் நான்கைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "மாமா, நாளைக்குக் காலையில அவசரமா இருக்கும். இதைக் கொஞ்சம் ஆய்ஞ்சு தந்துடுறீங்களா?" என்றாள்.

நான் ஆயத் தொடங்கினேன். கார், பியானோ, திரைச்சீலை ஆகிய மூன்று விஷயங்களும், இரண்டாவது கட்டை நான் பிரிப்பதற்குள் தீர்மானமாகிவிட்டன.