டில்லியில் ஒருவர்

பெங்களூரில் தனியாகச் செயலி செய்து பிழைப்பவர், அல்லது பிழைக்க உத்தேசித்திருப்பவர் என்ற வர்க்கத்தினரைச் சாதாரண நாட்களில் இனங்கண்டுகொள்வது சிரமம். ஏனெனில், கழுத்தில் அடையாள அட்டை தொங்கவில்லை என்பதைத் தவிர, ஆபீசுக்குப் போகிறவருக்கும் அவருக்கும் வெளித்தோற்றத்தில் யாதொரு வித்தியாசமும் கிடையாது. ஆனால், ஏதாவதொரு போட்டிக்குத் தம் சிருஷ்டியை அனுப்பிவிட்டு நடுவர்களின் தீர்ப்பை எதிர்பார்த்திருக்கும் காலத்தில் அவரிடம் சில விசேஷ லட்சணங்கள் தோன்றிவிடுகின்றன. பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் கைப்பேசியின் திரையைக் கீழே இழுத்து இழுத்து விடும். எதிரே இருக்கும் காபி ஆறும். ஸ்பாம் பெட்டியில் வந்து விழும் லாட்டரிக் கடிதங்களைக்கூடக் கடைசி வரி வரைக்கும் வாசித்த பிறகே அழிப்பார். ஆயுள் முழுவதும் தர்க்கத்தையே தொழிலாகக் கொண்டவர், அந்தச் சில தினங்களுக்கு மட்டும் சகுனம் பார்ப்பதில் தம் பாட்டியையும் மிஞ்சிவிடுகிறார் என்பதும், அந்தச் சகுனத்துக்கும் தர்க்கத்தைக் கொண்டே ஆதாரம் காட்டுகிறார் என்பதுமே அவரிடம் நாம் வியக்கத்தக்க அம்சம்.

இந்த வர்க்கத்தினர் ஒருசேர வெளிப்பட்ட பருவம் 2020-ஆம் வருஷத்து ஆடி மாதம். அவ்வருஷம் ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளுக்கு மத்திய சர்க்கார் தடை விதித்தது. அதே வாரத்திலேயே, ஜூலை 4-ஆம் தேதி, மின்னணுத் துறை அமைச்சகமும் நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷனும் சேர்ந்து நடத்தும் 'ஆத்மநிர்பர் பாரத் ஆப் இன்னோவேஷன் சேலஞ்ச்' என்ற போட்டியைப் பிரதம மந்திரி அறிவித்தார். முதற்பரிசு 20 லட்சம் ரூபாய், இரண்டாவது 15 லட்சம், மூன்றாவது 10 லட்சம். கடைசித் தேதி ஜூலை 18.

மடிவாளாவில் ஒரு பேயிங் கெஸ்ட் விடுதியின் மூன்றாம் மாடியில், அறைத்தோழர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டபடியால் மூன்று கட்டில்களுக்கும் ஏகபோக உரிமையாளராக வசித்துவந்த நம் நண்பருக்கு இந்தச் செய்தி எட்டியபோது, அவருடைய செயலி பிளே ஸ்டோரில் ஏற்கெனவே குடியேறியிருந்தது. வீட்டு வாடகை, தண்ணீர் லாரி, பால் ஆகிய மூன்றின் கணக்கையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள உதவும் செயலி அது. அதை இறக்கிக்கொண்டவர்கள் 37 பேர். பிளே ஸ்டோரோ சரியான எண்ணிக்கையை வெளியிடாமல், ஒன்றுக்கு மேல், ஐந்துக்கு மேல், பத்துக்கு மேல், ஐம்பதுக்கு மேல் என்று படிப்படியாகவே கௌரவம் அளிப்பதால், அங்கே 'பத்துக்கு மேல்' என்றுதான் அப்போது கண்டது. அந்த 37 பேரில் கிருஷ்ணகிரியிலிருக்கும் அவருடைய தாயாரும் ஒருவர். மகனுடைய செயலியைக் கைப்பேசியின் முதல் பக்கத்திலேயே வைத்திருந்தார். பால் கணக்கை மட்டும் வழக்கம்போல் காலண்டர் தாளில் குறித்துவந்தார்.

தாயாரின் தலையீடு அத்துடன் நிற்கவில்லை. "ஆடி பொறக்கறதுக்கு முன்னாடியே அனுப்பிச்சிடுடா" என்று அவர் இட்ட கட்டளைக்கிணங்க, பகுத்தறிவில் தமக்கிருந்த நம்பிக்கைக்கு யாதொரு பங்கமும் இல்லையென்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, ஆனி மாதத்திலேயே நண்பர் விண்ணப்பத்தை அனுப்பிவிட்டார். ஜூலை 14-ஆம் தேதி இரவு முதல் பெங்களூரில் மறுபடியும் ஊரடங்கு வந்து, வெளியே போக வழியில்லாமல், காத்திருப்பதையே முழுநேர உத்தியோகமாகக் கொள்ளும் சௌகரியமும் வாய்த்தது. அப்பொழுதுதான் கடைசித் தேதி ஜூலை 26 வரைக்கும் நீட்டிக்கப்பட்டது. சோம்பேறிகளுக்குச் சலுகை காட்டும் தேசம் எப்படி முன்னேறும் என்று அன்று முழுவதும் விசாரப்பட்டவர், அன்றிரவே தமது செயலியின் பொத்தான்களைப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றிப் புதிய பதிப்பையும் ஏற்றினார்.

நடுவர்கள் கவனிக்கப்போகும் தகுதிகளாக அறிவிக்கப்பட்டிருந்தவை நான்கு: கையாள எளிமை, திடம், பாதுகாப்பு, பயனாளர் பெருகினாலும் தாங்கும் சக்தி. நான்காவதைப் பற்றி நண்பர் மிகுந்த சிரத்தை எடுத்துக்கொண்டார். ஒரு கோடிப் பேர் ஒரே விநாடியில் வந்து பால் கணக்கு எழுதினாலும் தம்முடைய சர்வர் கலங்காது என்று அவர் விளக்கும்போது, 37 பேருடைய ஞாபகம் கேட்பவர்களுக்கு வருமேயொழிய அவருக்கு வராது.

இந்த நிலையில் ஒரு நாள் காலை, செயலியை எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் திறந்தார்கள் என்று காட்டும் அனலிடிக்ஸ் பக்கத்தில், அதுவரையில் இல்லாத ஓர் ஊர் தென்பட்டது. புது டில்லி: ஒருவர். தங்கிய நேரம்: 41 விநாடி. அதற்குப் பின், செயலி நீக்கப்பட்டது என்று ஒரு குறிப்பு.

டில்லியில் ஒருவர் என்றால் நடுவர்தான், வேறு யார்? அந்த 41 விநாடிக்கு நண்பர் செய்த வியாக்கியானம், பழைய உரையாசிரியர்கள் ஒரு சூத்திரத்துக்குச் செய்ததைவிட விரிவானது. வாடகைப் பக்கத்தைத் திறக்கப் பத்து விநாடி, தண்ணீர் லாரிப் பக்கத்துக்குப் பத்து, பாலுக்கு இருபது. மிஞ்சிய ஒரு விநாடி திருப்தியுடன் தலையசைப்பதற்கு. நீக்கியது ஏன் என்று நான் கேட்டேன். ஆயிரக்கணக்கில் பார்க்க வேண்டியவர் பார்த்ததை நீக்கினால்தானே அடுத்ததற்கு இடமிருக்கும் என்று என்னுடைய அறியாமைக்கு இரங்கினார்.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி முடிவு வெளியாயிற்று. வந்திருந்த விண்ணப்பங்கள் மொத்தம் 6,940. தனிநபர்கள் 3,939 பேர், நிறுவனங்கள் 3,001. பல பிரிவுகளில் 24 செயலிகளுக்குப் பரிசு. பெங்களூரில் பிறந்த சமூக ஊடகச் செயலி 'கூ'வும் குழந்தைகளுக்கான 'குட்டுகி'யும் அதில் இருந்தன. நண்பர் போட்டியிட்ட வர்த்தகப் பிரிவில் முதற்பரிசு ஜோஹோவின் கணக்குச் செயலிகளுக்கு. ஆயிரக்கணக்கான சிப்பந்திகளை உடைய ஸ்தாபனத்துக்கும் மூன்று கட்டில்களை உடைய ஸ்தாபனத்துக்கும் ஒரே பந்தயமா என்று அவர் ஆட்சேபிக்கவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குத்தான் போட்டார். ஜூலை 26-க்கும் ஆகஸ்ட் 7-க்கும் இடையே 12 நாட்கள்; நாளொன்றுக்கு 578 செயலிகள்; தினம் பத்து மணி நேரம் பார்த்தால் ஒன்றுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிஷம்; அதில் 41 விநாடி தமக்குக் கிடைத்திருக்கிறது. மயிரிழையில்தான் தவறியிருக்கிறது என்பது அவருடைய முடிபு.

அன்று மாலை தாயார் கூப்பிட்டார். "போனாப் போவுது, விடுடா. டில்லி சித்தப்பாகிட்டகூட உன் ஆப்பைப் போடச் சொன்னேன். போட்டாராம். போனில் இடமில்லைன்னு உடனே எடுத்துட்டாராம். அவர்மேல கோவிச்சுக்காதே."

நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. ஓரிரு தினங்கள் மௌனமாக இருந்துவிட்டு, சித்தப்பா உபயோகிப்பது பழைய கைப்பேசியாதலால் அதில் செயலி ஏறியிருக்கவே முடியாது என்று நிரூபிக்கும் முயற்சியில் இறங்கினார்.

பரிசு பெற்ற 'கூ' 2024 ஜூலையில் மூடப்பட்டது. நண்பருடைய செயலி இன்றும் இருக்கிறது. புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பச் செயலியைத் திருத்த வேண்டுமென்று கூகுள் வருஷந்தோறும் விதிக்கும் கட்டளையை அவர் ஒரு தடவைகூடத் தவறாமல் நிறைவேற்றிவருகிறார். பிளே ஸ்டோரும் அவரை 'ஐம்பதுக்கு மேல்' என்ற ஸ்தானத்துக்கு உயர்த்தியிருக்கிறது. முதலீடு செய்தவர்கள் கைவிட்டால்தானே மூட வேண்டும், முதலீடே இல்லாததை எப்படி மூடுவது என்று கேட்கிறார். நடுவர்கள் கேட்ட நான்கு தகுதிகளில் திடம் என்பது ஒன்றல்லவா? அந்த ஒன்றுக்காவது தமக்கு முழு மதிப்பெண் போட்டிருக்க வேண்டும் என்பதும், அடுத்த போட்டி அறிவிக்கப்படும்போது இதைத் தனித்தாளில் எழுதி இணைக்க வேண்டும் என்பதும் அவருடைய தற்போதைய கட்சி.