பதினேழு வளைவுகளில் பிள்ளை வளர்ப்பு

ஏழைத் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று முதன்முதலில் கண்டுபிடித்த புண்ணியவானுக்குப் போடிநாயக்கனூரில் ஒரு சிலை வைக்கலாம். அவர் தயவில் எத்தனை பேருக்குப் பிழைப்பு! தாய்க்குச் சொல்லிக்கொடுக்க ஒருவர், அவருக்குச் சொல்லிக்கொடுக்க இன்னொருவர், அந்த இன்னொருவரைத் தயார் செய்ய டெல்லியில் ஒரு நிறுவனம். 2023 மே மாதம் ஒன்றிய அரசு தொடங்கிய ‘போஷன் பி, படாயி பி’ (ஊட்டமும் உண்டு, படிப்பும் உண்டு) திட்டத்தின் படிக்கட்டு இப்படிக் கட்டியதுதான். அதிகாரிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி. அவர்கள் வழியாக அங்கன்வாடிப் பணியாளருக்கு மூன்று நாள். அவர் ஊர் திரும்பிப் பெற்றோரைக் கூட்டிவைத்துச் சொல்ல வேண்டும்: மூன்று வயதுக்குள் மூளை மளமளவென்று வளர்கிறது, ஆகவே பிள்ளையோடு பேசுங்கள், பாடுங்கள், விளையாடுங்கள்.

சொல்வதில் தப்பில்லை. சொல்லும் நேரத்தில் அந்தத் தாய் எங்கே இருக்கிறாள்?

இந்த மாதிரிப் பயிற்சிக் கூடங்களில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மல்லி, முல்லை, தாமரை என்று குழு பிரிப்பார்கள். குழுவுக்கு ஒரு சார்ட் பேப்பர், நான்கு ஸ்கெட்ச் பேனா. சரியாகப் பதில் சொன்னால் மழைக் கைதட்டல். பதினொரு மணிக்கு டீ, சமோசா. பின்னால் தொங்கும் ஃபிளெக்ஸில் தாயும் சேயும் சிரிப்பார்கள். இருவருக்கும் வெள்ளைத் தோல், பூனைக் கண். மூன்று நாளும் அன்பைப் பற்றியே பேச்சு. அங்கே உட்கார்ந்திருக்கும் பணியாளரின் சொந்தப் பிள்ளையை அந்த மூன்று நாளும் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் எந்தக் குழுவும் சார்ட்டில் எழுதாது.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துப் பெண்களை ஏலக்காட்டு வேலைக்கு ஏற்றிப்போகும் ஜீப்புகள் விடியுமுன்னே கிளம்பிவிடும். அதற்கும் முன்னால் எழுந்து சோறாக்கித் தூக்குவாளியில் அடைத்து, தூங்குகிற பிள்ளையை அப்பத்தாவிடமோ அம்மாயியிடமோ ஒப்படைத்துவிட்டு ஓடினால்தான் வண்டியில் இடம். திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். பெற்றோர் கூட்டமோ பகலில். ஆகவே ‘இளம் பெற்றோர் குழு’வின் வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைப்பவர்கள் அப்பத்தாக்கள்தாம். ஐந்து பிள்ளைகளை ஆளாக்கிய கிழவியிடம், தாலாட்டு மொழி வளர்ச்சிக்கு நல்லது என்று கையேட்டைப் பார்த்து வாசிக்கிறார் பணியாளர். “ஏத்தா, நான் பாடுனா அது ஆத்தாவக் கேட்டுல்ல அழுகுது. அதுக்கு என்ன போட்டிருக்கு ஒம் புஸ்தகத்துல?” என்று கிழவி கேட்டால் அவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுவார்?

அதனால் அரசுக்கு ஒரு யோசனை சொல்கிறேன், இலவசமாக. தாய் வகுப்புக்கு வர முடியவில்லை என்றால் வகுப்பை ஜீப்பில் ஏற்றிவிடுங்கள். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு பாடம். முதல் வளைவில் ‘பாதுகாப்பான சூழல்’: புளிமூட்டையாய் அடைந்திருக்கும் வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குறிப்பெடுக்கலாம். ஐந்தாவதில் ‘குழந்தையின் கண்ணைப் பார்த்துப் பேசுதல்’. கண்ணுக்கு நேரே பக்கத்துக்காரியின் முழங்கை. எட்டாவதில் ‘தாய்ப்பாலின் மேன்மை’. பால் கட்டி ரவிக்கை நனைந்திருப்பவள் இந்தப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்குவாள். பன்னிரண்டாவதில் ‘செல்போன் இல்லாத குழந்தைப் பருவம்’: பிள்ளை கையில் போனைக் கொடுத்தால்தான் அப்பத்தாவால் உலை வைக்க முடியும் என்பது பாடத்தில் வராது. ரேஷன் அரிசி கடத்துகிறார்களா என்று மேலே சாவடியில் வண்டியை நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் கருத்தாளர் ஜியோ டேக் போட்டோ எடுத்துவிட்டால் அன்றைய இலக்கு முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண் இந்த மலைக்கு வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பே இல்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 12-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலமும் அந்தச் சட்டத்துக்குள் வந்தது. 50 பெண்கள் வேலை செய்தாலோ, அவர்களுடைய பிள்ளைகள் 20 பேர் இருந்தாலோ தோட்டக்காரர் காப்பகம் வைத்தாக வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் கூட்டிவந்த பெண்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வெளிச்சமும் காற்றும் உள்ள அறை. அதன் பொறுப்பில், பிள்ளை பராமரிப்பில் பயிற்சி பெற்ற பெண். சட்டம் கேட்ட பயிற்சிக்காரி காப்பகத்தில், பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவள். நாம் அவளை ஃபிளெக்ஸுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தோம். 2025 நவம்பரில் அந்தச் சட்டமே புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் கரைந்துபோனது.

தோட்டக்காரர் தப்பிக்க வழியா இல்லை? தோட்டம் கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். வேலை தினக்கூலி, செக்ரோல் என்கிற தோட்டப் பதிவேட்டில் பெயர் ஏறாது. காப்பகம் இல்லாததால் பிள்ளை மலைக்குக் கீழே கிடக்கிறது. பிள்ளை மேலே வராததால் காப்பகம் தேவைப்படவில்லை. இதை யோசித்தவருக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

பிள்ளை கிடக்கட்டும், ஏலக்காய்க்குக் கிடைக்கும் சீராட்டைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன பொருள் அது. ஸ்டோரில் ராத்திரி முழுக்க ஆள் விழித்திருந்து சூடு பார்த்து உலர்த்துகிறார்கள். பச்சை மங்கக் கூடாது, தோல் வெடிக்கக் கூடாது. சல்லடையில் அளவு பிரித்து, ஏற்றுமதிக்கு என்றால் மருந்தெச்சமும் சோதிக்கிறார்கள். மருந்தடித்த செடிக்குள் குனிந்து அதைப் பறித்த கைதான் இரவில் பிள்ளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறது. அந்தக் கைக்கு எந்தச் சோதனைச் சான்றும் கேட்பாரில்லை. 8 மில்லிமீட்டர் காய்க்கு ராக்காவல். 8 மாதப் பிள்ளைக்குக் கையேடு.

பெற்றோரைக் குழுவாகக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பதே வீண் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களில் சாலி கிரந்தம்-மெக்ரிகரின் ஆய்வுக் குழுவினர், வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் வீடுகளுக்கு வாரந்தோறும் இரண்டாண்டுகள் ஆள் அனுப்பினார்கள். 20 ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளின் சம்பாத்தியம் அப்படி ஆள் போகாத, அதே போல் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைவிட 25 சதவீதம் கூடுதல். பின்னர் ஒடிசா கிராமங்களில் அதையே குழுவாகவும் செய்து பார்த்தார்கள். வீடு வீடாகப் போவதற்கு ஈடான பலன், செலவோ வெகு குறைவு. ஆனால் அங்கும் வாரந்தோறும், இரண்டாண்டுகள், கூடவே நின்று திருத்தும் மேற்பார்வை. இவ்வளவு ஏன், 1980-இல் உலக வங்கிக் கடனோடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியதே அன்றைய மதுரை மாவட்டத்தில்தான். போடியும் அப்போது அதே மாவட்டம். மாதாமாதம் எடை போட்டார்கள், எடை சரிந்த பிள்ளைக்கு அது தேறும்வரை உணவு கொடுத்தார்கள். புத்தி சொல்ல வந்தவர் கையில் தராசும் தீனியும் இருந்தன.

இப்போது கையில் இருப்பது செயலி. 2021-இல் போஷன் டிராக்கர், 2025-இல் சத்துமாவு வாங்க முக அடையாளம். பதிவில் இருப்பது தாயின் முகம் என்றால், அவள் ஏலச்செடிக்குள் குனிந்திருக்கும் நேரத்தில் அப்பத்தா கொண்டுவந்து நீட்டும் முகம் செல்லாது. இவ்வளவையும் தலையில் சுமக்கும் பணியாளருக்கு ஒன்றிய அரசு 2018-இல் வைத்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாநிலம் போடுவது தனி. இவருக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022-இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

அங்கன்வாடியையே காப்பகமாகவும் நடத்த 2022-இல் ‘பால்னா’ திட்டம் வந்தது. அதன்படி நாளுக்கு ஏழரை மணி நேரம் திறந்திருக்கலாம். ஏலக்காட்டுக்காரி வீட்டைவிட்டுப் போய்த் திரும்புவது 12 மணி நேரத்துக்குக் குறையாது. மீதி நாலரை மணி நேரம் பிள்ளை தன்னைத்தானே வளர்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. ஜீப் கிளம்பும் முன் கதவு திறக்க வேண்டும், ஜீப் வந்த பின் மூட வேண்டும். இரண்டு பெண்களுக்கு முறை வைத்து முழுச் சம்பளம் போட வேண்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். போடியிலும் புற்றடியிலும் ஏலம் போகும் ஒவ்வொரு கிலோ காய்க்கும் ஒரு ரூபாய் பிடியுங்கள். வியாபாரமே படுத்துவிடும் என்று மனு வரும். வரட்டும். கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு, விடிகாலை ஜீப்பில் பதினேழு வளைவும் ஏறிப்போய் அந்த மனுவைக் கொடுக்கச் சொல்லுங்கள்.