எட்டாம் திணை: சென்னையின் முன்பனிக்கால ஞாயிறுகள் பற்றி ஓர் ஆய்வு

சென்னைக்குக் குளிர்காலம் உண்டா என்பதே இத்துறையின் முதல் வழக்கு. இல்லை என்போர் வானிலைத் துறையைச் சாட்சிக்கு அழைப்பர். அத்துறையின் பகுப்பில் ஜனவரியும் பிப்ரவரியும்தான் குளிர்காலம். டிசம்பர், வடகிழக்குப் பருவமழைக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட மாதம். இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ். 1905 ஜனவரி 29இல் அப்படி நடுங்கியவர்களில் எவரும் இன்று கூண்டேற வாய்ப்பில்லை. உண்டு என்போர் காட்டும் ஒரே சான்று குரங்குக் குல்லா. மார்கழி பிறந்ததும் பரணிலிருந்து இறங்கும் இக்கம்பளிக் கவசம், கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும்படி மூன்று வயதுக் குழந்தையை விண்வெளி வீரராக்கிவிடுகிறது. உள்ளே வியர்த்துக் கொட்டுவது வேறு விஷயம். மார்கழியும் தையும் முன்பனி என்று தமிழ் மரபு என்றோ தீர்ப்பளித்துவிட்டது. பாட்டியும் அதையே சொல்கிறார். இவ்வாய்வு பாட்டியின் பக்கம் சாய்கிறது. ஊர்சுற்றக் கூட வரப்போகிறவர் அவர்தானே தவிர, வானிலைத் துறை இயக்குநர் அல்லர்.

ஆய்வெல்லை வருமாறு: காலம், அரையாண்டுத் தேர்வு முடியும் நாள் தொடங்கிக் காணும் பொங்கல் வரை, நாள், சனியும் ஞாயிறும், மாந்தர், அப்பா, அம்மா, பாட்டி, ஆறு வயதில் ஒன்றும் மூன்று வயதில் ஒன்றுமாக இரு பிள்ளைகள், பணம், அப்பாவின் சட்டைப்பையில் இருப்பதாக அப்பா நம்புவது.

ஐந்திணையோடு கைக்கிளையும் பெருந்திணையும் சேர்த்து அகத்திணை ஏழு என்பது தொல்காப்பிய மரபு. ஞாயிறு பிற்பகல், அப்பா கட்டிலில் மறுபக்கம் புரளும் நேரம் பார்த்து, "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கப்பா" என்று எழும் குரலுக்கு இந்த ஏழிலும் இடமில்லை. எனவே எட்டாவதாக ஊர்சுற்றல் திணையை முன்மொழிகிறோம். அதன் முதற்பொருள்: நிலம், காசு கேட்காத இடம் எதுவும்; பொழுது, முன்பனியும் எற்பாடும். முன்பனி குறிஞ்சிக்கும் எற்பாடு நெய்தலுக்கும் உரியவை ஆயிற்றே, இரண்டையும் ஒருசேர எப்படிக் கொள்வது எனின், கம்பளிக் குல்லாவோடு கடற்கரைக்குப் போகும் ஊரில் திணை மயங்காமல் வேறு என்ன செய்யும் என்க. கருப்பொருளில் உணவு, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். விலங்கு, மணலில் சவாரிக்கு நிற்கும் குதிரை. பறவை, சுண்டலுக்குக் காத்திருக்கும் காகம். பறை, சோன்பப்டி வண்டியின் மணி.

உரிப்பொருள், கேட்டலும் கேட்டல் நிமித்தமும்.

இதற்கு உரை வேண்டும். "எனக்கு அது வேணும்" என்று வாய்விட்டுச் சொல்வது கேட்டல். பலூன்காரர் எதிரே வந்ததும் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டதாக நின்றுகொள்வதும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையிலிருக்கும் காற்றாடியைக் கண்ணிமைக்காமல் பார்ப்பதும், "அது எவ்வளவுப்பா இருக்கும்? சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று விலை விசாரிப்பதும் கேட்டல் நிமித்தம். பெற்றோர் தரப்பில் மறுத்தலும் மறுத்தல் நிமித்தமும் உண்டு. "வரும்போது வாங்கிக்கலாம்" என்பது பின்னதற்கு எடுத்துக்காட்டு. திரும்பும்போது வேறு வழியாக அழைத்து வருவது அதன் தொடர்ச்சி.

இங்கிருந்துதான் நம் கருதுகோள் பிறக்கிறது. இதுவரை இத்துறையில் உழைத்தவர்கள், அதாவது நம் அப்பாக்கள், ஓர் இடம் மலிவா என்பதை நுழைவுக் கட்டணத்தைக் கொண்டு அளந்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒருமுறை. கேட்டலோ அடிக்கு ஒருமுறை. ஆகவே ஓர் இடத்தின் உண்மையான விலை, அங்கே பிள்ளையின் கண்மட்டத்தில் என்ன தொங்குகிறது என்பதைப் பொறுத்தது.

கருதுகோளைச் சோதிக்க முதலில் பேருந்து நிறுத்தத்துக்கு வருவோம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஐந்து வயதுவரை குழந்தைகளுக்கும் இல்லை. மூன்றாக இருந்த இந்த வரம்பை அரசு 2022இல் உயர்த்தியது. ஐந்துக்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். நம் குடும்பத்தில் அம்மா, பாட்டி, சின்னது மூவரும் இலவசம். முழுக் கட்டணம் செலுத்தும் ஒரே பயணி அப்பா. பெரியதற்கு அரை டிக்கெட்டா என்பது கண்டக்டருக்கும் மனசாட்சிக்கும் இடைப்பட்ட விவகாரம். "அஞ்சு வயசுதான்" என்று பாட்டி தொடங்குவதற்குள், "ஆறு முடிஞ்சுடுச்சு பாட்டி, கேக்கு வெட்டினோமே" என்று பேருந்து முழுதும் கேட்கும்படி திருத்தம் வந்துவிடும். இதில் மறைந்திருக்கும் செலவு வேறொன்று. இலவசம் வெள்ளைப் பலகைப் பேருந்துக்கு மட்டும்தான். டீலக்ஸ் வண்டிகளோ ஒன்றன்பின் ஒன்றாக வரும். இருத்தல் முல்லைக்கு உரியது. முல்லைத் தலைவி தனியாக இருந்தாள். நம்மவர்களுக்குப் பக்கத்திலேயே இளநீர், வெள்ளரிப் பிஞ்சு, வேர்க்கடலை. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது நிறுத்தத்திலேயே கரையும். மின்சார ரயில் இருக்கும் தடத்தில் ரயிலே மேல். ஐந்து ரூபாயில் தொடங்கும் டிக்கெட், ஜன்னல் கம்பி, காற்று. அதிலும் கடலை மிட்டாய் ஏறும்தான், ஆனால் அடுத்த நிலையத்தில் இறங்கிவிடும்.

இனி மெரினா. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் இங்கே உலாச்சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டபோது, மாலையில் காற்று வாங்கும் கனவான்களை எண்ணியிருப்பார். காற்று இன்றும் இலவசம். சுவரில்லை, கதவில்லை, கட்டணமில்லை. எனவே மலிவு என்பது பழைய கொள்கை. நம் கொள்கைப்படி கதவில்லாத இடத்தில் எல்லாமே கதவு. சாலையிலிருந்து அலைவரை சராசரியாக 300 மீட்டர் மணல். அந்த 300 மீட்டரின் இருமருங்கிலும் மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், பலூன் சுடும் துப்பாக்கி, சோப்பு நுரை ஊதும் குழல், கையால் தள்ளும் ராட்டினம், இருட்டினால் ஒளிரும் கொம்பு. உலகில் வேறெந்தக் கடலுக்கும் இப்படியொரு சுங்கச் சாலை இராது. கடலை அடையும்போது அப்பாவின் சட்டைப்பை இலேசாகியிருக்கும். அடைந்த பின் குளிக்கவும் முடியாது. கீழிழுப்பு வலுவான கடல் என்பதால் கால் நனைப்பதோடு நிறுத்தச் சொல்லிக் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் சொல்வது சரி, அதில் நகைச்சுவை இல்லை.

மறுத்தல் இலக்கணத்தில் அரசு ஒரு முறை பெற்றோருக்குக் கைகொடுத்தது. 2024 பிப்ரவரியில், ரோடமைன்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்வில் தெரிந்ததால், தமிழகத்தில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. அரசாணையைக் காட்டி மறுக்கும் வாய்ப்பு எத்தனை தகப்பன்மாருக்குக் கிடைக்கும்? கெடுவாய்ப்பு, முன்பனி முடிந்து பின்பனியில்தான் அது வந்தது.

தீவுத்திடல் பொருட்காட்சியை இவ்வாய்வு விரிவாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே நுழைவுச் சீட்டும் உண்டு, உள்ளே ராட்சத ராட்டினமும் உண்டு, முகத்தைவிடப் பெரிதான டெல்லி அப்பளமும் உண்டு. டெல்லிக்காரர்கள் அதை எந்தப் பெயரில் சாப்பிடுகிறார்கள் என்பது தனி ஆய்வு. சிக்கனம் என்ற சொல்லை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மியூசிக் சீசன் கேன்டீன்களும் அவ்வாறே: பல சபாக்களில் பகல் கச்சேரிக்குக் கட்டணமில்லை, அதை ஈடுகட்டுவது பின்புறத்துக் கீரை வடை.

கருதுகோளை நிலைநாட்டும் இடம் எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்துப் பழமையானது. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் சனி ஞாயிற்றுக்குப் பழுதில்லை. இங்கே நுழைவுச் சீட்டு உண்டு. உள்ளே போனால் கூடங்களில் விற்பதற்கு எதுவுமே இல்லை. திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை எந்தக் குழந்தையும் வாங்கித் தரச் சொல்லிக் கேட்டதாகத் தெரியவில்லை. சோழர் காலத்து வெண்கலச் சிலைகள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன, விலை ஒட்டியிருக்கவில்லை. கேட்டல் அறவே நின்று, அதனிடத்தில் "இது ஏன் செத்துப்போச்சு?" என்ற வினாவுதல் தொடங்குகிறது. விடை சொல்ல முடியாமல் அப்பா படும் பாடு செலவுக் கணக்கில் சேராது. மலிவென்று ஒரே இடத்தைச் சுட்டச் சொன்னால் இவ்வாய்வு இதைத்தான் சுட்டும். இருந்தும் ஞாயிறு மாலையில் அங்கே தாராளமாக இடமிருக்கிறது, மெரினாவில் நிற்க இடமில்லை. சிக்கனத்தை விரும்புவதாகச் சொல்லும் குடும்பங்கள் உண்மையில் விரும்புவது பேரம் பேசுவதை என்று ஐயுற இடமுண்டு.

இந்த ஐயம் அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபருக்கும் வந்திருக்க வேண்டும். கல்லும் எலும்பும் மட்டும் வைத்தால் கூட்டம் வராது, உயிருள்ளது வேண்டும் என்று கண்டவர் அவர். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குகளைக் கூண்டில் வைத்தார். அதற்கு ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளும் வந்து சேர்ந்தன. அவை பிறகு சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபோய், 1985இல் வண்டலூரில் நிலைபெற்றன. ஞாயிறுதோறும் வண்டலூர் நிலையத்தில் கூடையோடு இறங்கும் குடும்பங்கள் எல்லாம் பால்ஃபரின் மாணவர்களே.

வண்டலூர் நம் கோட்பாட்டுக்கு ஒரு திருத்தத்தைக் கோருகிறது. பெரியவர் கட்டணம் உயர்ந்துவிட்டது என்பது உண்மை. உள்ளே கடைகளுக்கிடையே தூரம் நிறைய. ஆகவே கேட்டல் குறைவு. ஆனால் பரப்பு 602 ஹெக்டேர். சிங்கத்துக்கும் நீர்யானைக்கும் நடுவே எங்கேயோ சின்னது கால்களை நீட்டித் தரையில் அமர்ந்துவிடும். இங்கே உரிப்பொருள் தூக்கலும் தூக்கல் நிமித்தமும் ஆகும். சின்னதைத் தூக்கினால் பெரியதற்கும் கால் வலிக்கும் என்பது மாறா விதி. பேட்டரி வண்டிக்குக் காசு கொடுக்காமல் மிச்சம் பிடித்த அப்பா, மறுநாள் அலுவலகத்தில் நேராக நிமிர முடியாமல் உட்கார்ந்திருப்பார். முதுகுவலித் தைலத்தின் விலையைச் சுற்றுலாக் கணக்கில் எழுதலாமா என்பதில் அறிஞரிடையே கருத்தொற்றுமை இல்லை.

மாமல்லபுரத்தில் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்க்குத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குவதில்லை. 1984 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம். பல்லவர்கள் குடைந்ததையெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் நேரே போவது எவரும் குடையாத ஒன்றுக்கு: சுமார் 250 டன் எடையுள்ள கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டை. அது நிற்கும் சாய்பாறை, பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கியே வழவழப்பாகிக் கிடக்கிறது. சறுக்கு மரத்துக்குத் தனிக் கட்டணமில்லை; செலவு, கால்சட்டையின் பின்புறம்.

வேடந்தாங்கல் தொலைவு, 75 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் முன்பனிக்கு அதைவிடப் பொருந்திய இடமில்லை. பறவைகள் அப்போதுதான் நிறைந்திருக்கும். கிராமத்தார் இப்பறவைகளைக் காக்கும் உரிமையைச் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இலேயே ஏற்றுக்கொண்டார். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிக்கனச் சுற்றுலாவில் விருந்தாளியே வாடகை கொடுத்துவிட்டுப் போகும் ஒரே இடம் இது.

சோற்றுப் பிரச்சினையில் இரு பள்ளிகள் உண்டு. கட்டுச்சோற்றார் விடியற்காலையில் எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சிறுபிள்ளைக்குத் தனியாக இட்லி என்று எடுத்து வைப்பார்கள். தயிர் சாதம் புளிக்காமலிருக்கப் பால் ஊற்றிப் பிசையும் நுட்பம் இவர்களுடையது. கையேந்தியார் போகிற இடத்தில் பார்த்துக்கொள்வோம் என்பார்கள். முன்னவரே சிக்கனமானவர் என்று தோன்றும். அப்படியல்ல. கட்டுச்சோற்றார் வீட்டில் மார்கழி ஞாயிறன்று அம்மா எத்தனை மணிக்கு எழுந்தாள் என்பதை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை; வாசலில் கோலம் வேறு போட்டாக வேண்டும். மருதத்துக்குரிய ஊடல் இத்திணையில் தோன்றுவது இந்த இடத்தில்தான். டப்பாவைத் திறந்ததும், "எனக்கு ஃப்ரைடு ரைஸ்" என்று பெரியது சொல்ல, "சரி, வாங்கிக் குடுத்துடலாம்" என்று அப்பா இளகுவார். அதன்பின் வீடு வந்து சேரும்வரை அம்மா அவரோடு பேசுவதில்லை. இலவசப் பேருந்து, இலவசக் கடல், இலவசக் காற்று எல்லாம் சேர்ந்தாலும் இந்த மௌனத்துக்கு ஈடாகாது.

எஞ்சியது பாலை. காணும் பொங்கலன்று மெரினாவிலும் வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் ஊரே ஒன்றாய்த் திரளும்போது பிரிதல் நிகழ்கிறது. பலூன் பின்னால் போன பிள்ளை ஒருபுறம், அதைத் தேடும் குடும்பம் மறுபுறம். இதற்காகவே காவலர்கள் அன்று குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஒரு சிறு குறை: அதில் பெரும்பாலும் அப்பாவின் எண்ணைத்தான் எழுதுகிறார்கள். காலையிலிருந்து ராட்டினத்தையும் குதிரையையும் வீடியோ எடுத்ததில் அந்தப் போன் நான்கு மணிக்கெல்லாம் அணைந்துவிடும். விவரமறிந்த குடும்பங்கள் பாட்டியின் பட்டன் போன் எண்ணை எழுதச் சொல்கின்றன.